மவுண்ட் ரோடு: சீட்டு எழுதிக்கொண்டு போனால் நல்ல கடைத்தெரு

"மவுண்ட் ரோடு வரைக்கும் போய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினால் என் மருமகள் சிரிக்கிறாள். "அங்க என்ன அத்தை இருக்கு? பேங்கும் ஆபீஸும்தானே?" என்கிறாள். அவள் சொல்வது பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1984-இல் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை அதே தெரு, அதே மாடிப்படி. வீட்டுக்குத் தேவையான முக்கால்வாசி சாமானை மதிய இடைவேளையில் நடந்து போயே வாங்கியிருக்கிறேன். அதனால் சென்னையின் இந்த ரோட்டை அண்ணா சாலை என்று போர்டில் படித்தாலும் வாயில் மவுண்ட் ரோடு என்றுதான் வருகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னதுதான் வேண்டும் என்று தெரிந்து போகிறவர்களுக்கு, சிம்சன் கம்பெனியிலிருந்து ஸ்பென்சர் பிளாசா வரையிலான இந்தப் பகுதி இன்றைக்கும் அருமையான கடைத்தெரு. ஐந்துக்கு நாலு தருவேன். சும்மா போய் நாலு கடை ஏறி இறங்கலாம், பிடித்ததை வாங்கலாம் என்று போகிறவர்களுக்கு ஐந்துக்கு ஒன்றுதான். அந்த ஒன்றும் மெட்ரோவுக்கு.

மெட்ரோவில்தான் போக வேண்டும். 2019 பிப்ரவரியில் இந்தப் பகுதியின் சுரங்க ஸ்டேஷன்கள் திறந்த பிறகு மவுண்ட் ரோட்டுக்குப் போய்ச் சேர்வது ஒரு வேலையே இல்லை. ஆலந்தூரில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கிற தூரம். அண்ணா சிலை பக்கத்துக் கடைகளுக்கும் அதே ஸ்டேஷன் போதும். ஸ்பென்சர் பக்கம் என்றால் எல்.ஐ.சி. ஸ்டேஷன். கார் எடுத்துப் போனால் நிறுத்த இடம் தேடுவதிலேயே வாங்க வந்தது மறந்துவிடும். பெண்களுக்காக இன்னொன்று. கழிவறை ஸ்டேஷனுக்குள்ளேயே இருக்கிறது. நான் வேலை பார்த்த காலத்தில் இந்த ரோட்டில் கடைக்கு வந்த பெண்ணுக்கு அவசரம் என்றால் ஏதாவது ஓட்டலில் வேண்டாத காபி ஒன்றை வாங்கினால்தான் உண்டு. எந்தக் கடைத்தெருவைப் பற்றி எழுதினாலும் இதை ஏன் யாரும் எழுதுவதில்லையோ.

நாலு மார்க் எதற்கு என்று சொல்கிறேன். சமீபத்தில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆம்ப்ளிஃபையர் மக்கர் பண்ணியது. மைக் பிடித்துப் பேசினால் பின்னாலேயே "ம்ம்ம்" என்று ஒரு சத்தம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் காட்டினோம். போர்டே போய்விட்டது, புதுசு வாங்கிவிடுங்கள், ஒன்பதாயிரம் ஆகும் என்றார்கள். செயலாளர் செக் எழுதவே உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி, துணிப்பையில் போட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

மாடிப்படிக்குக் கீழே இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிற அளவுக்கு ஒரு கடை. முப்பது வயதைத் தாண்டாத ஒரு தம்பி.

"எத்தன நாளா மேடம் இப்படி அடிக்குது?"

"பொங்கலுக்கு அப்புறம் தம்பி."

மேல்மூடியைக் கழற்றினான். ஒவ்வொரு ஸ்குருவையும் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் ஒட்ட வைத்தான். ஒன்றுகூட உருண்டு ஓடவில்லை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னையும் குனியச் சொன்னான். பக்கத்து பக்கத்தில் இரண்டு கெப்பாசிட்டர். நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்குமாம். இவை இரண்டும் இட்லி போல உப்பியிருந்தன. "இதுதான் மேடம் ம்ம்ம்னு சொல்லுது" என்றான். ஒரு துண்டுச் சீட்டில் 2200 என்று எழுதி எடுத்துக்கொண்டு, கடையை என் பொறுப்பில் விட்டுவிட்டு, எதிர்ச் சந்துக்குள் போனான். டீ ஆறுவதற்குள் திரும்பி வந்தான்.

"பழசு அம்பது வோல்ட்டு. நான் அறுபத்துமூணு போட்டிருக்கேன், தாங்கும்."

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புதியதன் பக்கவாட்டில் இருக்கும் வெள்ளைக் கோட்டை இரண்டு தரம் சரிபார்த்து, சூடு வைத்து, தன் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். சுத்தமாக இருந்தது. முன்னூற்றைம்பது ரூபாய். கழற்றிய கெப்பாசிட்டர்களைச் செயலாளரிடம் காட்ட வாங்கிக்கொண்டு வந்தேன்.

ரிச்சி ஸ்ட்ரீட், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பின்னிக் கிடக்கும் இந்தச் சந்துகளில் பழுது பார்க்கிறவனும், உதிரி விற்கிறவனும், டப்பா விற்கிறவனும், டீ ஆற்றுகிறவனும் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கிறார்கள். ஒரு கடைக்காரன் தன்னிடம் இல்லாததை நடந்து போய் இன்னொரு கடையில் வாங்கி வந்து உங்கள் வேலையை முடித்துக் கொடுக்க முடிகிறது. கடைத்தெரு என்றால் எனக்கு அதுதான். ஆன்லைனில் அந்த கெப்பாசிட்டர் கிடைக்கும், நாளைக்கே வீடு தேடியும் வரும். ஆனால் எது உப்பியிருக்கிறது என்று டார்ச் அடித்துக் காட்ட அது வராது.

குறை இல்லாமல் இல்லை. பைக்குகள் இடுப்பை உரசிக்கொண்டு போகும். தலைக்கு மேல் கேபிள்கள் தொங்கும் லட்சணத்தைப் பார்த்தால், இவ்வளவு எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் இருக்கிற தெருவா இது என்று தோன்றும். மழை நாளில் செருப்பைக் கையில் எடுக்க வேண்டியதுதான். பில் கேட்டால்தான் பில். ஒரே சாமானுக்கு அடுத்தடுத்த கடையில் வேறு வேறு விலை சொல்வார்கள், அதனால் மூன்று இடத்தில் கேட்காமல் பர்சைத் திறக்காதீர்கள்.

இனி அந்த ஒரு மார்க்கின் கதை.

சந்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வந்து தெற்கே நடந்து பாருங்கள். ஒரு கடை, அப்புறம் நீளமாக ஒரு மதில். ஒரு பேங்க், அப்புறம் கார் நிறுத்தும் முற்றம். ஒரு ஷோரூம், அப்புறம் தகரம் அடித்து மூடிய மனை. ஒரு கண்ணாடி ஜன்னலுக்கும் அடுத்த கண்ணாடி ஜன்னலுக்கும் இடையில் பார்க்க ஒன்றும் கிடையாது. வெயில் மட்டும் விடாமல் கூடவே வரும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எத்தனை மதிலைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள்?

முன்பு இந்த ரோட்டில் சும்மா நடக்கிறவர்கள் இருந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து இறக்கியவை தியேட்டர்கள். வெலிங்டன், சபையர், ஆனந்த், அலங்கார், சாந்தி. மேட்னி விட்டதும் ஒரு கூட்டம் வெளியே வரும், சாயங்காலக் காட்சிக்கு ஒரு கூட்டம் சீக்கிரமே வந்து காத்திருக்கும். இரண்டு கூட்டமும் நடைபாதையில் மோதிக்கொள்ளும்போது கையில் இருக்கும் அரை மணி நேரத்தில் செருப்பு பார்ப்பார்கள், ரெடிமேட் சட்டை பார்ப்பார்கள், கைக்கடிகாரம் பார்ப்பார்கள். வாங்க வேண்டும் என்று யாரும் வீட்டிலிருந்து கிளம்பியிருக்க மாட்டார்கள். நான் வாங்கிய முதல் கைப்பை அப்படி வாங்கியதுதான், டிக்கெட் கிடைக்காத கோபத்தில். சபையர் 1994-இல் மூடியது. சாந்தி 2016-இல். தேவி இன்னும் ஓடுகிறது, அந்த வாசலில் மட்டும் இப்போதும் மாலையில் கொஞ்சம் பழைய நடமாட்டம் தெரியும். தியேட்டர் போனது சினிமாக்காரர்களுக்கு மட்டும் நஷ்டம் என்று நினைக்கிறோம். செருப்புக் கடைக்காரரைக் கேட்டால் வேறு கணக்கு சொல்வார்.

அப்புறம் ஸ்பென்சர். நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய வருஷம்தான் 1895-இல் கட்டிய அந்தச் செங்கல் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதே இடத்தில் ஸ்பென்சர் பிளாசா எழுந்தபோது, சம்பள நாளில் அங்கே போய் ஏ.சி. காற்று வாங்குவதே ஒரு செலவில்லாத உல்லாசம். லேண்ட்மார்க்கில் நின்றபடியே புத்தகம் படிப்போம், மியூசிக் வேர்ல்டில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்போம். 2010-இல் கூப்பிடு தூரத்தில் எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்தது, கூட்டம் அங்கே போய்விட்டது. "புதுசு வந்தா பழசு போகும்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஸ்பென்சரில் கடைகள் தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டவை. எந்தக் கடை எங்கே இருக்க வேண்டும், எந்த மாடியை மூடிப் புதுப்பிக்க வேண்டும் என்று முடிவெடுக்க ஒரு கை கிடையாது. புதிய மால்களில் எல்லாம் வாடகைக்குத்தான். ஓடாத கடையை எடுத்துவிட்டு ஓடுகிற கடையை அங்கே உட்கார வைக்கலாம். கணக்கு எழுதினவள் என்பதால் எனக்கு இந்த வித்தியாசம்தான் முதலில் கண்ணில் படுகிறது.

இப்போது அங்கே போனால் மூடிய ஷட்டர்கள்தான் அதிகம். காஷ்மீர் சால்வை, கைவினைப் பொருள் கடைக்காரர்கள் இன்னும் வாசலில் நின்று அன்பாகக் கூப்பிடுகிறார்கள். சால்வையோ மரப்பெட்டியோ வேண்டும் என்றால் பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு நல்ல இடம். மற்றபடி, வெயிலுக்கு ஒதுங்க.

மவுண்ட் ரோடு முழுக்கவே ஸ்பென்சரின் கதைதான் என்று சொன்னால் தப்பில்லை. நூறு சொந்தக்காரர்கள், அவர்களுக்கு நூறு வழக்குகள். தாத்தா காலத்து வாடகைதாரர் ஒருபக்கம், பாகம் பிரிக்காத பேரன்கள் இன்னொரு பக்கம். பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தைப் பாருங்கள். கோபுரமும் வளைவுமாக இந்த ரோட்டிலேயே லட்சணமான கட்டடம். 2006-இல் இடிக்க ஆரம்பித்தார்கள், நீதிமன்றம் தடுத்தது. நல்ல வேளை என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் இடிக்காமல் விட்டால் மட்டும் கட்டடம் பிழைத்துவிடுமா? கீழ்த்தளத்தில் நாலு கடை திறந்திருந்தால் அதற்கும் வருமானம், தெருவுக்கும் வெளிச்சம்.

இதற்கு நடுவில் மெட்ரோ வேலை. இன்று மெட்ரோவைப் புகழ்கிற நான், அது வந்த வழியையும் சொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் நீலத் தகரம் அடித்து ரோட்டைக் குறுக்கினார்கள், போக்குவரத்தை ஒருவழி ஆக்கினார்கள். தகரத்துக்குப் பின்னால் கடை இருப்பதே தெரியாமல் போனவர்கள் எத்தனையோ பேர். 2017 ஏப்ரலில் சர்ச் பார்க் பள்ளி அருகே ரோடே உள்வாங்கி ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. அதை டி.வி.யில் பார்த்த பிறகு, வேறு வழி இருந்தால் மவுண்ட் ரோட்டைத் தவிர்க்கலாம் என்று நினைத்தவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். தகரம் எடுத்தபோது ரோடு திரும்பி வந்தது, வாடிக்கை வரவில்லை. மெட்ரோ கடைத்தெருவைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன், ஏற்கெனவே படுத்திருந்தது. ஆனால் படுத்திருப்பவரின் வாசலை அத்தனை வருஷம் அடைத்து வைத்தது.

நம் ஊரில் ரோடு என்றாலே வண்டிக்குத்தான் என்கிற நினைப்பு போகவில்லை. 2024-இல் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டருக்கு 621 கோடி ரூபாயில் மேம்பாலம் தொடங்கினார்கள். போகிறவர்களுக்கு வசதிதான். ஆனால் மேலே பறக்கிற கார் கீழே இருக்கும் கடையில் ஒரு நாளும் நிற்காது.

சரி, பெரிய ரோட்டில் என்னதான் வாங்கலாம்? ஹிக்கின்பாதம்ஸ். 1844-இல் தொடங்கிய கடை, 1904-இல் கட்டிய இந்தக் கட்டடம். உயரமான கூரையும் வண்ணக் கண்ணாடியும் பார்ப்பதற்கே போகலாம். புத்தகத்தின் பெயரைச் சொன்னால் எடுத்துத் தருகிறார்கள், போட்டித் தேர்வுப் புத்தகம் தேடும் பிள்ளைகளை எப்போதும் பார்க்கலாம். பூம்புகார் விற்பனை நிலையம் அடுத்தது. கல்யாணப் பரிசு, தஞ்சாவூர்த் தட்டு, பித்தளை விளக்கு என்றால் யோசிக்காமல் அங்கே போங்கள். அரசாங்கக் கடை என்பதால் விலைச்சீட்டுதான் விலை. நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மைக் கண்காட்சி போடுவார்கள், அந்தச் சமயத்தில் உள்ளே நிற்க இடம் இருக்காது. கூட்டம் இந்த ரோட்டை வெறுத்துவிட்டது என்று யாராவது சொன்னால் அந்த வாரம் கூட்டிப் போய்க் காட்டுங்கள். காருக்கு சீட் உறை, ஸ்டீரியோ, வைப்பர் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் அதிகம் என்பதால் மார்க் போட மாட்டேன்.

சாப்பாட்டுக்கு புகாரி, 1951-இலிருந்து இருக்கிறது. சிக்கன் 65 அங்கேதான் பிறந்தது என்பார்கள். நான் சைவம் என்பதால் வாலாஜா ரோடு வழியாகத் திருவல்லிக்கேணிக்கு நடந்து ரத்னா கபேக்குப் போய்விடுவேன். இட்லி முழுகும் வரை சாம்பார் ஊற்றுவதில் அவர்கள் கஞ்சத்தனம் காட்டி நான் பார்த்ததில்லை.

இனி இந்த ரோட்டுக்கு என்ன வழி? 2019-இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கி, பெஞ்சு போட்டு, விளக்கு வைத்தார்கள். அதையே இங்கேயும் செய்யலாம் என்பவர்கள் உண்டு. எனக்கு நம்பிக்கை இல்லை. பாண்டி பஜாரில் கடைக்குக் கடை ஒட்டி நிற்கிறது, அதனால் நடக்க இடம் கொடுத்ததும் நடந்தார்கள். இங்கே நடைபாதையை எவ்வளவு அகலமாக்கினாலும் மதிலை ஒட்டித்தான் நடக்க வேண்டும். என்னைக் கேட்டால் சந்துகளிலிருந்து ஆரம்பிப்பேன். ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் நரசிங்கபுரம் தெருவிலும் சரக்கு வண்டி காலை பத்து மணிக்குள் வந்து போய்விட வேண்டும், அதன் பிறகு பைக் உள்ளே வரக்கூடாது, கேபிளைத் தரைக்குக் கீழே போட வேண்டும். ஓடுகிற கடைத்தெருவுக்கு முதலில் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்ததற்கு ஊற்றிப் பயன் இல்லை.

இன்னொன்று, செலவே இல்லாதது. அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் படி ஏறி வெளியே வந்ததும் ஒரு பெரிய பலகை. எலெக்ட்ரானிக்ஸ் இந்தப் பக்கம், கார் சாமான் அந்தப் பக்கம், புத்தகம் இங்கே, பொம்மையும் விளக்கும் அங்கே, எவ்வளவு தூரம், எத்தனை மணி வரை. ஓமந்தூரார் தோட்டத்து அரசு மருத்துவமனைக்குத் தினமும் எத்தனை ஊரிலிருந்து ஜனங்கள் வருகிறார்கள். கூட வந்தவர்கள் மணிக்கணக்கில் வாசலில் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? பரமக்குடியிலிருந்து வந்த ஒரு அம்மா என்னிடம் டார்ச் லைட் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். டார்ச் லைட் கடல் போலக் குவிந்திருக்கும் தெருவுக்கு இரண்டு நிமிஷ நடையில் நின்றுகொண்டுதான் கேட்டார்.

போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரும்பாலும் ஷட்டர்தான். மற்ற நாளில் பதினொரு மணிக்கு முன் போய் நிற்காதீர்கள், கடைகள் நிதானமாகத்தான் திறக்கும். ஆறு மணிக்கு மேல் போனால் கூட்டத்தில் பழுது பார்க்கிறவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. ரிப்பேருக்குக் கொண்டுபோகும் சாமானோடு பவர் கார்டையும் எடுத்துப் போங்கள். இல்லையென்றால் சோதித்துப் பார்க்க அங்கே ஒன்று வாங்க வேண்டிவரும். எங்கள் வீட்டில் அப்படிச் சேர்ந்த கார்டுகளே ஒரு பை இருக்கிறது.